மியூசியம் அக்கா

பாசல் நகரத்தில் எத்தனை விதமான மியூசியம் இருக்கிறது என்று கேட்டால், அங்கே பிறந்து வளர்ந்தவர்களைவிட நான் நன்றாகச் சொல்வேன். எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் அவற்றுக்குள்தான் சீவித்தேன். கலை ஆர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பகலில் இருப்பதற்கு எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

ரைன் ஆற்றின் ஒரு கரையில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். வீடு என்பது பேச்சுக்குத்தான். எனக்கும் கணவருக்கும் ஒரு அறை. மற்ற அறைகளில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்கள் நாலு பேர். எல்லாரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள். ஒருவர் பேக்கரியில் மா மூட்டை தூக்குகிறவர், மற்றவர்கள் கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறவர்கள். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் நித்திரை. குசினியில் நான் ஒரு கரண்டியைக் கீழே போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும். கழிவறைக்குப் போகிற வழியில் ஒருவர் சாரத்தோடு நின்று பல்லு விளக்குவார். என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பாவம், அவர்களுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். கீழ் வீட்டுச் சுவிஸ்காரியோ நான் அறைக்குள் நாலு தரம் நடந்தால் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இவர் முற்பகலில் உணவகத்துக்குப் போனால் கோப்பை எல்லாம் கழுவி முடித்துக் கடைசி டிராமில்தான் வருவார். 

வயிற்றில் பிள்ளை இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். இது எனக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையை ஊரில் ஏழாம் மாதத்தில் இழந்தேன். அன்று வீதியெல்லாம் ஆமி நின்றது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பக்கத்து ஒழுங்கையில் இருந்த மருத்துவிச்சியைக் கூட்டி வந்தார்கள். பிள்ளை சத்தமே இல்லாமல் பிறந்தது. அது பிறந்த அந்தக் கணத்தில் அம்மா தன் உள்ளங்கையால் என் இரண்டு கண்ணையும் பொத்திப் பிடித்தாள். செத்துப் பிறந்ததைத் தாய் காணக்கூடாது, கண்டால் அடுத்ததும் தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அம்மாவின் கை தேங்காய்ப்பால் மணத்தோடு என் முகத்தில் அழுந்திக்கொண்டிருக்க, அறையில் ஆட்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கை எடுபட்டபோது ஒன்றும் இருக்கவில்லை. இவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இவர் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றிக் குளிக்கிற சத்தம் கேட்டது. அதோடு சரி. அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "உதெல்லாம் இப்ப ஏன்?" என்றுதான் இவர் சொல்வார். பிறகு இவர் வெளிநாடு வந்து, ஒரு வருஷம் போக என்னைக் கூப்பிட்டார். நானும் வந்தேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

மியூசியப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் டொச் வகுப்பு ரீச்சர். ஜெர்மன் பாஷையை நாங்கள் டொச் என்றுதான் சொல்வோம். ஒரு தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு இலவச வகுப்பு நடத்தினார்கள். மிருகங்களின் பெயர் படிப்பிக்க வேண்டும் என்று ரீச்சர் எங்களை மிருக மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். பஞ்சடைத்த கரடி, பஞ்சடைத்த ஓநாய், பஞ்சடைத்த மலையாடு. ரீச்சர் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்ல, நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் திருப்பிச் சொன்னோம். எனக்கு மிருகங்களைவிட அந்த இடத்தின் சூடு பிடித்துக்கொண்டது. ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைக் கழற்றினேன். ஒருவரும் எழும்பு என்று சொல்லவில்லை. அதற்கு முதல் நான் பெரிய கடைகளுக்குள் போய்ப் பொழுதைப் போக்கிப் பார்த்திருந்தேன். அங்கே ஒரு ஆள் என் பின்னாலேயே வருவான். நான் காலுறையைத் தொட்டால் அவன் தொப்பியைத் தொடுவான். மியூசியத்திலும் காவலுக்கு ஆள் பின்னால் வரும். ஆனால் அங்கே வெள்ளைக்காரருக்குப் பின்னாலும் வரும். எல்லாருக்கும் ஒரே மரியாதை. அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

அதன்பிறகு நான் தனியாகவே புறப்பட்டேன். டொச்சில் எந்தச் சொல்லை மறந்தாலும் 'மியூசியம்' என்ற சொல்லை எந்தப் பலகையிலும் வாசிப்பேன். சில இடங்களுக்குக் காசில்லை. சில இடங்களில் குறிப்பிட்ட பின்னேரங்களில் சும்மா விடுவார்கள். அந்த ஊர்க்காரர் எதை எதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பும் எரிச்சலும் மாறி மாறி வரும். பூனைகளுக்கென்றே ஒரு மியூசியம் இருந்தது. வீடு முழுக்கப் பூனை. பீங்கான் பூனை, வெள்ளிப் பூனை, தேநீர்க் கேத்தல் வடிவத்தில் ஒரு பூனை. ஆற்றுத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஒன்று. கடலே இல்லாத நாட்டில் கப்பலுக்கு ஒரு மியூசியம். பழைய மருந்துக்கடைக்காரரின் சாமான்களுக்கு ஒன்று. அதில் காய்ந்த பாம்பு, காய்ந்த தவளை, முகட்டில் தொங்கும் முதலை. எங்கள் ஊர் வைத்தியப் பரியாரியின் அலுமாரியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். இன்னொரு இடத்தில் மண்டபம் நிறைய வெண்சுதைச் சிலைகள். எல்லாம் கையில்லாத, துணியில்லாத கடவுள்மார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அவர்களின் கால் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தேன். ஆற்றோரத்துக் காகித ஆலை மியூசியத்தில் மட்டும்தான் தொட விட்டார்கள். தொட்டிக்குள் கூழை அள்ளி நானே ஒரு தாள் செய்தேன். காய முதல் கிழிந்துபோனது, ஆனாலும் நல்ல சந்தோஷம்.

உலகத்து மக்களின் பொருள்களை வைத்திருந்த மியூசியத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், எங்கள் திருவலை ஒன்று இருந்தது. தேங்காய் திருவுகிற சாதாரணத் திருவலை, நாக்குப் பல்லெல்லாம் நல்ல கூராக. நானோ வந்த நாளிலிருந்து தேங்காய்ப் பாதியை முள்ளுக்கரண்டியால் கிண்டிக் கை வீங்கிக்கொண்டிருந்தேன். இவர்கள் அதைப் பூட்டி வைத்து அழகு பார்க்கிறார்கள். இரவு இவரிடம் சொன்னபோது இவர் சிரித்தார்.

"நாளைக்குப் போய் ஒரு முறி தேங்காய் திருவித் தரச்சொல்லிக் கேளும்," என்றார்.

வீட்டில் உள்ள பெடியன்கள் எனக்கு 'மியூசியம் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அக்கா இண்டைக்கு எந்த மியூசியத்திலை வேலை?" என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஏழாம் மாதம் கிட்டக் கிட்ட எனக்குள் சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. வாங்கில் இருந்தால் வயிற்றில் கையை வைத்து, அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்தால் எழும்பி நடப்பேன், அசையாவிட்டால் அசையும் மட்டும் அதே படத்துக்கு முன்னால் இருப்பேன். ஒரு மாட்டுத் தொழுவத்துப் படத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம் முழுக்க இருந்திருக்கிறேன். காவல்காரி நான் பெரிய ரசிகை என்று எண்ணியிருப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் சீறிக்கொண்டு பனி கொட்டியது. வழமையாகப் போகிற இடம் பூட்டியிருந்தது. ஒதுங்க இடம் தேடி நடந்தபோது பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஒரு கதவில் அந்தச் சொல்லைக் கண்டேன். முன்னால் இருந்த சொல் நீளமானது, எனக்கு விளங்கவில்லை. மியூசியம் என்றால் மியூசியம்தானே என்று உள்ளே போனேன். வாசல் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார், எழும்பி ஏதோ சொன்னார். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பையைச் சோதிக்கப் போகிறார் போல என்று பையைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு தோடம்பழமும் பாணும் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நான் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் அறையில் எலும்புக்கூடுகள் நின்றன. பயமாக இருந்தது, ஆனால் மிருக மியூசியத்திலும் எலும்பு பார்த்தவள்தானே நான். மனிதருடைய கை, கால், இருதயம் எல்லாம் போத்தல்களுக்குள் இருந்தன. அது மருத்துவம் படிக்கிறவர்களுக்கான இடம் என்று அப்போதுதான் விளங்கியது. திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்த வழி என்று இன்னொரு வழியால் திரும்பினேன். சுவரோரமாக ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள் பிள்ளைகள் இருந்தார்கள்.

பிறக்காத பிள்ளைகள். தண்ணீர் போன்ற ஏதோ ஒன்றுக்குள், போத்தலுக்கு ஒன்றாக, சின்னதிலிருந்து பெரிதாக, வரிசையாக. என் கை தானாகவே எழும்பி என் கண்ணைப் பொத்தியது. ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றபோது, அது என் கை என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மாவின் கை என்றே தோன்றியது. எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம் என் சீவியத்தில் அதற்கு முதல் வந்ததில்லை. கையை எடுத்தேன்.

போத்தல்களின் கீழே மாதக் கணக்கு இலக்கத்தில் இருந்தது. இலக்கம் வாசிக்க எந்தப் பாஷையும் வேண்டாம். ஏழு என்று போட்டிருந்த இடத்துக்குப் போனேன். அதற்கு நகம் இருந்தது. கண் இமையில் மயிர் இருந்தது. காது முழுசாக, மடிப்புகளோடு இருந்தது. தாயோடு கோபித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்த பிள்ளை மாதிரி முகத்தை ஒரு பக்கம் வைத்திருந்தது. ஏழு மாதத்தில் பிள்ளை இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தது ஏதோ ஒரு கட்டி, ஏதோ ஒரு சதை, அதனால்தான் காட்டவில்லை என்று. இது பிள்ளை. என்னுடையதும் பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. மேசைக்காரப் பெரியவர் வந்து என் முழங்கையைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்தும் மட்டும் நான் அழுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது குசினியில் பேக்கரி அண்ணை தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வயதில் மூத்தவர் அவர்தான். கலியாணம் கட்டாதவர், ஆனால் பிள்ளைப்பேறு, துடக்குத் தீட்டு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் என்ன முறை என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்க முடியவில்லை. கேட்டதும் அவர் கோப்பையை வைத்துவிட்டு எங்கள் அறை வாசலில் குறுக்கே நின்றார்.

"உள்ளுக்கை போகாதேங்கோ தங்கச்சி. செத்தவீட்டுக்குப் போட்டு வாறமாதிரித்தானே இது? வயித்திலை பிள்ளை வேறை. தலை முழுகிப்போட்டு வாங்கோ."

"அண்ணை, சுடுதண்ணி இராது."

"மஞ்சளைக் கரைச்சு ஊத்துங்கோ. ஒண்டும் செய்யாது."

அந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி இரவில்தான் சூடாகும். காலையில் வேலையால் வருகிற ஆண்கள் ஆளுக்கொரு முழுக்கு முழுகிவிட்டால் பின்னேரம் வருவது பச்சைத் தண்ணீர். மாசி மாதத்துப் பாசல் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். ஆனாலும் முழுகினேன். அண்ணையின் சொல்லுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்த அலுமாரிக்கு முன்னால் எவ்வளவு கோபத்தோடு கையை எடுத்தேனோ, அவ்வளவு பயம் வழி நெடுகிலும் டிராமில் என்னோடு வந்திருந்தது. கண்டால் அடுத்ததும் தங்காது. நான் கண்டுவிட்டேன். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி ஊற்றி, பல்லுக் கிட்டும் மட்டும் முழுகினேன்.

மறுநாள் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. அதோடு பிள்ளையும் அசையவில்லை. தேத்தண்ணி குடித்துப் பார்த்தேன், இடது பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தேன், வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தேன். இவர் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றவர், என் முகத்தைக் கண்டதும் சப்பாத்தோடு அறைக்குள் வந்தார். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு டிராமில் போனோம். டிராம் ஆற்றுப் பாலத்தைக் கடக்கிற நேரம் எனக்கு ஒரு யுகம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரி அண்ணை இவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

தாதி என் வயிற்றில் குளிர்ந்த பசை பூசி ஒரு கருவியை வைத்தாள். ஒரு இடத்தில் ஒன்றும் இல்லை. இன்னொரு இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது இடத்தில் குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தாதி சிரித்தாள். எனக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது. பிறகு டொக்டர் அம்மா வந்து, பிள்ளை உயிரோடு இருக்கிறது, காய்ச்சலில் களைத்துப்போயிருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருக்கவேண்டும் என்று மெதுவான டொச்சில் சொன்னார். அதன்பிறகு கேட்டார், இது முதல் பிள்ளையா என்று.

"ஓம், முதல்," என்று இவர் டொச்சில் சொன்னார்.

இவருடைய டொச் குசினி டொச். சூடு, கவனம், கெதியாக, தட்டு என்பதற்கு மேல் போகாது. அதில் 'முதல்' என்ற சொல் எங்கிருந்து அவ்வளவு சுத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கட்டிலில் எழும்பி இருந்தேன்.

"இல்லை," என்றேன் டொச்சில். "இரண்டாவது. முதல் பிள்ளை செத்துப்போனது. ஏழு மாதம்."

டொக்டர் அம்மா பேனையை நிமிர்த்தினார். ஏன் இதை முதலே சொல்லவில்லை, அப்படியானால் உங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு, ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று கேட்டார். அவருக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை. நான் இவரைப் பார்த்தேன். டொக்டர் அம்மாவும் இவரைப் பார்த்தார். இவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகுதான் சண்டை. பெடியன்கள் நித்திரை என்பதால் எங்கள் சண்டையெல்லாம் எப்போதும் குசுகுசுப்பில்தான். அன்று எனக்குக் குசுகுசுக்க வரவில்லை.

"டொக்டரிட்டை ஏன் அதைச் சொன்னனீர்?" என்றார் இவர்.

"அது எண்டு சொல்லாதேங்கோ. அது பிள்ளை."

"உமக்கு விசரே? அந்த இடத்துக்குப் போய்க் கண்டதையும் பாத்து, காய்ச்சலையும் வாங்கிக்கொண்டு..."

"காய்ச்சல் வந்தது பாத்ததாலை இல்லை, முழுகினதாலை. நீங்கள் உங்கடை பிள்ளையைக் கண்டனீங்கள். நான் காணேல்லை. நான் போத்தலுக்குள்ளைதான் கண்டனான். சொல்லுங்கோ, அது எப்பிடி இருந்தது?"

"உதெல்லாம் இப்ப ஏன்?"

"சொல்லாட்டில் நான் திரும்பவும் போவன். எனக்குப் பாக்க வேறை இடம் இல்லை."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் புரண்டு படுக்கவில்லை. எல்லாரும் விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அன்றைக்குப் போல நான் வெறுத்ததில்லை.

சொன்னபடியே போனேன். அந்த இடம் வாரத்தில் ஓரிரு தரம்தான் திறக்கும். வாசல் பெரியவர் இந்தத் தரம் மறிக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, அலுமாரிக்கு நேரே போடாமல் கொஞ்சம் தள்ளி, ஜன்னல் பக்கம் போட்டுவிட்டுப் போனார். நான் இருந்தேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் ஒன்று உதைக்கிறது, கண்ணாடிக்குள் ஒன்று பேசாமல் இருக்கிறது, நடுவில் நான். யாராவது தமிழர் கண்டால் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். எனக்கே சில நேரம் அந்தச் சந்தேகம் வந்தது.

அடுத்த தரம் நான் கோட்டைப் போட்டபோது இவருக்கு ஓய்வு நாள். இவரும் கோட்டைப் போட்டார். சப்பாத்துத் துடைத்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு, "நானும் வாறன்," என்றார். குசினியில் நின்ற பேக்கரி அண்ணை வாயைத் திறந்தார். இவர் அவரைப் பார்த்த பார்வையில் திரும்ப மூடிக்கொண்டார்.

மியூசியத்தில் இவர் எலும்புக்கூடுகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். நான் முன்னால் போனேன், இவர் பின்னால் வந்தார். அலுமாரியைக் கண்டதும் நின்றுவிட்டார். ஒவ்வொரு போத்தலாகப் பார்த்துக்கொண்டு வந்தார், மரக்கறிக் கடையில் பார்ப்பது போலக் கிட்டக் குனிந்து. ஏழு என்று போட்டிருந்த இடத்தில் நிற்பார் என்று நினைத்தேன். அதைத் தாண்டிப் போனார். பக்கத்தில், எட்டு என்று போட்டிருந்த போத்தலில் நின்றார்.

"இதிலும் கொஞ்சம் சின்னன்," என்றார். "அதிலும் பெரிசு. இந்தளவு."

தன் இடது கையை நீட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை மற்றக் கையால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் எத்தனையோ தரம் தலை வைத்துப் படுத்திருக்கிறேன்.

"பெட்டைப் பிள்ளை," என்றார். "தலைமயிர் கனக்க இருந்தது. உம்மடை அம்மா சுத்தித் தரேக்கை முகத்தையும் மூடித்தான் தந்தவ. பாக்காமல் கொண்டுபோ எண்டவ. நான் கிணத்தடியிலை விரிச்சுப் பாத்தனான். உம்மடை மூக்கு. கொஞ்ச நேரம் வைச்சுக்கொண்டு இருந்தனான். மற்றவை வந்திடுவினம் எண்டு பிறகு..."

"எங்கை?"

"எலுமிச்சைக்குப் பக்கத்திலை."

அந்த எலுமிச்சையில் கட்டிய கொடியில்தான், இவர் வெளிநாடு போன பிறகு ஒரு வருஷம், நான் உடுப்புக் காயப்போட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த நிழலில் நின்றிருக்கிறேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னால் நீர் பாத்தமாதிரித்தானே, அடுத்தது தங்காது எண்டு பயந்தனான். எனக்கு அந்த முகம் ஒவ்வொரு நாளும் வருது. கோப்பை கழுவேக்கையும் வருது. நீரும் ஏன் அதைச் சுமக்கவேணும் எண்டு விட்டிட்டன்."

நான் இவரைக் கட்டிப்பிடித்தேன், மன்னித்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்கு இவர் மேல் இரக்கமும் வந்தது, அடிக்க வேண்டும் போலவும் வந்தது. என் பிள்ளையை இவர் தனியாக வைத்திருந்திருக்கிறார். நான் சுமக்கக்கூடாது என்று யார் தீர்மானித்தது, சுமந்தது நானல்லவா? அதை வாய்விட்டுக் கேட்டேன். வாசல் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நாங்கள் டிராமில் ஏறாமல், பாலத்தால் நடந்தே போனோம், ஒருவருக்கொருவர் ஒரு முழம் தள்ளி. அதன்பிறகும் கன நாள் என் கோபம் ஆறவில்லை. ஆனால் நான் திரும்ப அந்த இடத்துக்குப் போகவில்லை. போகத் தேவை இருக்கவில்லை. எனக்கு இப்போது ஒரு மூக்குத் தெரியும், தலைமயிர் தெரியும், முழங்கை வரையான ஒரு நீளம் தெரியும்.

வயிற்றுப் பிள்ளை மாதம் முழுவதும் தாங்குமா என்ற பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. பேக்கரி அண்ணை தன் பங்குக்கு ஒவ்வொரு விடியலும் எனக்குச் சூடான பாண் கொண்டுவந்து கதவடியில் வைப்பார். எந்தத் துடக்கைப் பற்றியும் பேசமாட்டார். ஆண்கள் காலையில் முழுகுவதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது பின்னேரங்களில் குழாயைத் திறந்தபோது சுடுதண்ணீர் வந்ததில் தெரிந்தது.

சித்திரை முடியும் நேரம், ஒரு முற்பகலில் வலி கண்டது. இந்த நாட்டில் புருஷன்மாரையும் பிள்ளை பெறுகிற அறைக்குள் விடுவார்கள். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வாசலில் தாதி வழமையான கேள்வியைக் கேட்டாள், முதல் பிள்ளையா என்று. நான் வாய் திறக்க முதல் இவர் சொன்னார், "இரண்டாவது. முதல் பிள்ளை பெண்." இவர் அதை டொச்சில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். ஒரு பிழையும் இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் பிள்ளை என்னை விட்டுப் போகிறதை உணர்ந்தேன். உணர்ந்த அதே கணத்தில் நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒருவரும் பொத்தவில்லை. நானேதான் மூடினேன். அறையில் ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை. ஊரில் கேட்ட அதே அமைதி. எனக்குத் தெரியும், நான் கண்டுவிட்டேன், அதனால்தான், எனக்குத் தெரியும் என்று மனம் அடித்துக்கொண்டது. கண்ணை இன்னும் இறுக்கினேன்.

அப்போது இவருடைய கை என் முகத்தில் பட்டது. பொத்தப் போகிறார் என்று நினைத்தேன். என் இமைகளின் மேல் இருந்த வியர்வையைத் துடைத்தார்.

"கண்ணைத் திறவும்," என்றார் காதுக்குள். "என்ன எண்டாலும் பரவாயில்லை. நீரே பாரும்."

திறந்தேன். தாதியின் கையில் பிள்ளை தலைகீழாக இருந்தது. அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் அது அழுதது.